ஆணி கைக்கு வராமல் கட்டைவிரல் இல்லை

அவருக்குத் திமிர் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன மாதம்கூட ஆரையம்பதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒருவன் சொன்னான், அந்தப் பொம்பிளை வாயால் வேலையை இழந்தவள் என்று. அவன் எங்கள் விமானத்தளத்தின் வேலியைத்தான் கண்டிருக்கிறான். உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நான் பத்து வருடமாக உள்ளே நிற்கிறேன். என் தலை இன்னும் கழுத்தில் இருப்பது அந்தப் பொம்பிளையால்தான். ஆகவே எழுதுகிறேன். பெயரைப் போடமாட்டேன். போட்டால் கம்பனி அவருக்கு இன்னொரு கடிதம் அனுப்பும். ஒரு கடிதம் போதும்.

முதலில் வேலையைச் சொல்லவேண்டும். வேலை விளங்காவிட்டால் அவரையும் விளங்காது.

எங்களுடையது வாவிக்கரையில் இருக்கிற சின்னத் தளம். பன்னிரண்டு பேர் ஏறும் விமானம் கொழும்பில் இருந்து வந்து போகும். மூக்கில் ஒரே ஒரு விசிறி. நிறுத்தும் இடம் நெருக்கம் என்பதால் அது வேலியைப் பார்த்தபடி நிற்கும். விமானம் முன்னுக்குத்தான் ஓடும், தானாகப் பின்னுக்கு வராது. யாராவது தள்ளவேண்டும். பெரிய தளங்களில் அதற்கு வண்டி இருக்கிறது, விமானியோடு பேசக் காதில் மாட்டும் கருவி இருக்கிறது. எங்களுக்கு இருந்தது நாலு பேருடைய தோள், ஒரு இரும்புக் கம்பி, பிறகு அவர்.

நாலு பேரும் இறக்கையைத் தாங்கும் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளுவார்கள். நான் மூக்குச் சக்கரத்தில் கம்பியைப் பூட்டித் திருப்புவேன். கம்பியைச் சக்கரத்தோடு பிடித்து வைப்பது ஓர் ஆணி. அதன் தலையில் ஒரு முழத்துக்குச் சிவப்பு நாடா தொங்கும். தள்ளி முடிந்ததும் அந்த ஆணியைக் கழற்ற நான் விசிறியைத் தாண்டி மூக்குக்குக் கீழே குனிந்து போகவேண்டும். அந்த நேரம் விசிறி சுற்றினால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

விமானிக்குப் பின்பக்கம் தெரியாது. மூக்குக்குக் கீழே நிற்கும் நானும் தெரியாது. அவருக்குத் தெரிவது முன்னால் மஞ்சள் கோட்டில் நிற்கிற ஓர் ஆள்தான். அந்த ஆள்தான் அந்தப் பொம்பிளை.

இவர் கையை உயர்த்தி, மூடிய விரல்களை விரிப்பார். பிரேக்கை விடு என்று அர்த்தம். கப்டன் பக்கத்துச் சின்ன ஜன்னலால் "ரிலீஸ்ட்" என்று சொல்லித் தன் கையையும் விரித்துக் காட்டவேண்டும். இவர் "ரிலீஸ்ட்" என்று திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் நாங்கள் தள்ளுவோம். தள்ளி முடிந்ததும் விரித்த கையை மூடுவார், பிரேக்கைப் போடு என்று. கப்டன் "செட்" என்பார், இவரும் "செட்" என்பார். நான் கம்பியைக் கழற்றி இழுத்து வந்து ஆணியை இவருடைய இடது கையில் வைப்பேன். இவர் அதை உயர்த்திப் பிடிப்பார், நாடா காற்றில் ஆடும். கப்டன் கண்டேன் என்று கையைத் தூக்குவார். அப்போதுதான் வலது கையின் கட்டைவிரல் எழும்பும். அதைக் கண்ட பிறகுதான் எஞ்சின்.

ஆணியை உயர்த்திக் காட்டுவது கம்பனியின் புத்தகத்தில் இல்லை. பெரிய தளங்களில் இப்படிக் காட்டுவதைப் பயிற்சிக்குப் போன இடத்தில் கண்டு வந்து, எங்கள் சின்னத் தளத்திலும் இவராகவே தொடங்கினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அவர் அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு ஆத்திரம். நான் நாலு வருடம் கம்பி பிடித்தவன். அவர் பயணிகளின் பெட்டிகளை நிறுக்க வந்தவர், என்னைவிட மூன்று வயது இளையவர். எனக்குக் கை காட்ட ஒரு பொம்பிளையா என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன். வேண்டுமென்றே "புள்ள, புள்ள" என்று கூப்பிட்டேன். மூன்றாம் நாள் என்னிடம் வந்து சொன்னார்.

"வேலையில என்னக் கூப்பிடாதீங்க அண்ணன். புள்ள எண்டும் வேணா, மிஸ் எண்டும் வேணா. நீங்க கூப்பிட்டா நான் திரும்புவன். திரும்பினா எண்ட கையக் கப்டன் காணமாட்டார்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

இன்னொரு நாள் மழை. ஆணியைக் கழற்றிக் கம்பியையும் இழுத்துவிட்டு, நனையாமல் வேலிப்பக்கம் ஓடிக்கொண்டே கழற்றிவிட்டேன் என்று கத்தினேன். அவர் மழையில் இடது கையை நீட்டியபடி நின்றார். கப்டன் அவசரப்படுத்தி விளக்கைப் போட்டுப் போட்டு நூர்த்தார். அவர் நின்றார். கடைசியில் நான்தான் திரும்ப ஓடிப்போய் ஆணியைக் கையில் வைக்கவேண்டியிருந்தது. பிறகு நான் சண்டைக்குப் போனேன். நான் சொன்னால் நம்பமாட்டீர்களா என்று கேட்டேன்.

"உங்கள நம்புறன். ஆனா கப்டன் உங்களக் காணல்ல, எண்ட கையத்தான் காணுறார். எண்ட கை ஒண்டச் சொன்னா அத எண்ட கண் கண்டிரிக்கணும்."

வெளியிலும் அவர் இப்படித்தான். களுவாஞ்சிக்குடியில் ஒரு அலுவலகத்தில் காணிப் பத்திரத்துக்காக அலைந்தார். எழுதுவினைஞர் முகத்தைத் தூக்காமல் வியாழக்கிழமை வாங்க என்றாராம். இவர் வியாழக்கிழமை, காலமை, இந்த மேசைக்கு என்று திருப்பிச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க ஒருக்காச் சொல்லுங்க" என்று நின்றிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுதுவினைஞர் சொல்லும்வரை அவர் நகரவில்லை. வியாழக்கிழமை பத்திரம் கிடைத்தது. சிரித்தவர்கள் இன்னும் அலைகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குள் அது பெரிய பகிடி. கலியாணத்தில் ஐயரையும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வைத்திருப்பார் என்று நான் ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவர் சிரிக்காமல், "வெச்சன்தான். மாப்பிள்ளைட பேரப் பிழையாச் சொன்னவர்" என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்துத் தள்ளமுடியாமல் போன விமானம் அன்றைக்கு இரண்டு நிமிடம் பிந்தியது. அந்த இரண்டு நிமிடத்துக்கும் அவர்தான் எழுத்தில் காரணம் சொன்னார். 'ஆட்கள் சிரித்தார்கள், ஆகவே நான் தள்ள விடவில்லை' என்று உண்மையை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அவர் அடிக்கடி கேட்பது ஒன்று இருந்தது. "ஆர் கண்டது?" யாராவது பாலத்தில் விபத்தாம் என்பான், நாளைக்கு விமானம் வராதாம் என்பான். உடனே கேட்பார். 'ஆம்' போட்டுப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். யுத்த காலத்தில், அவருக்கு எட்டு வயதில், ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அவருடைய அப்பா சைக்கிளோடு துறையைக் கடந்து வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனார். திரும்பி வரவில்லை. "ஆர் கண்டது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல அண்ணன். நாங்க அவ்வளவு பேர் வாசல்ல நிண்ட நாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டேன்.

கப்டன் ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர். "ரிலீஸ்ட்" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். மற்ற ஆட்கள் கை காட்டிய காலத்தில் அது போதுமாக இருந்தது. இவருக்குப் போதாது. கை உயர்த்தியபடி நிற்பார். ஒரு நாள் ஏழு நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே பயணிகள் வேர்த்துக் கிடந்தார்கள். ஏழாவது நிமிடம் கப்டன் ஜன்னலால் கத்தினார், ரிலீஸ்ட் என்று, வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். இவர் சாதாரணமாக "ரிலீஸ்ட்" என்றார். தள்ளினோம்.

மனேஜர் கூப்பிட்டு ஏசினார். கப்டன் தலையாட்டினாரே, விளங்கவில்லையா என்று கேட்டார். "பக்கத்துல இரிக்கிற ஆளோட கதைச்சும் தலையாட்டலாம் சேர். கொசுவுக்கும் ஆட்டலாம். நான் எதண்டு எடுக்கிற?" என்று இவர் கேட்டார். மனேஜர் அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

கொழும்பில் இருந்து ஒரு பெரிய மனிதர் வந்து ஏதோ திறந்துவைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அவரை வழியனுப்ப ஆதரவாளர்கள். வெளி ஆட்கள் விமானத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பது சட்டம். அன்றைக்குச் சட்டம் வேலிக்கு வெளியில் நின்றது. வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவன் இவருக்கு நாலைந்து அடி பின்னால் வந்து நின்றான். அவனை அனுப்புங்கள் என்று இவர் இரண்டு தடவை மனேஜரிடம் சொன்னதை நான் கேட்டேன். மனேஜர், கொஞ்ச நேரம்தானே என்றார்.

அந்த அவசரக்கார கப்டன்தான். தள்ளி முடித்தோம். "செட்", "செட்". நாலு பேரும் வேலிப்பக்கம் போனார்கள். நான் குனிந்து மூக்குக்குக் கீழே போனேன். ஆணி இறுகியிருந்தது. பாதி கழன்றது, மிச்சம் வரவில்லை.

அந்த நேரம் பெரிய மனிதர் ஜன்னலால் கை அசைத்திருக்கிறார். வெள்ளைச் சேர்ட்காரன் அவருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். எல்லாம் வெற்றி என்று. கப்டன் கண்டது அந்த விரலை.

எனக்கு மேலே எஞ்சின் ஊளையிடத் தொடங்கியது. விசிறியின் ஓர் இதழ் மெதுவாக என் முகத்துக்கு முன்னால் இறங்கிப் போனது. பிறகு அடுத்தது, கொஞ்சம் வேகமாக. முன்னால் பாய்ந்து ஓடு என்று உடம்பு சொன்னது. முன்னால் விசிறி. அது உடம்புக்குத் தெரியாது.

நான் கண்டது அவருடைய சப்பாத்தை. குனிந்திருந்த எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. கறுப்புச் சப்பாத்து இரண்டும் மஞ்சள் கோட்டில், கப்டனைப் பார்த்தபடி. அவை அசையவில்லை. அவை அசையாததால் நானும் அசையவில்லை. சக்கரத்தோடு ஒட்டித் தரையில் படுத்தேன். ஊளை இறங்கியது. விசிறி இன்னும் சில சுற்று சுற்றி நின்றது.

பிறகுதான் சொன்னார்கள், அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக்கொண்டு நின்றாராம். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. நான் ஆணியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோதும் கையை இறக்காமல் நின்றார். ஆணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் கைகளை இறக்கி அதை வாங்கினார்.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் சாகக் கிடந்தபோது ஓர் அடி எடுத்து வைக்காமல் நின்ற பொம்பிளை. அன்று பின்னேரம் நேரே கேட்டேன், ஏன் ஓடி வந்து என்னை இழுக்கவில்லை என்று.

"நான் ஓடி வந்தா அவருக்கு ஆர் கை காட்டுற?" என்றார்.

நான் வீட்டுக்குப் போகும்வரை அதையே யோசித்தேன். அவர் ஓடி வந்திருந்தால் கப்டனுக்கு முன்னால் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். வெள்ளைச் சேர்ட்காரனின் விரல் மட்டும் இருந்திருக்கும்.

விசாரணை வைத்தார்கள். கப்டன் கட்டைவிரலைக் கண்டேன் என்றார். வெள்ளைச் சேர்ட்காரனைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் பெரிய மனிதரைத் தொடவேண்டும். கமரா அன்றைக்கு வேலை செய்யவில்லையாம். தள்ளின நாலு பேரும் அந்த நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நாலு பேரும். வாவியைப் பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருவன் கடையில் என்னிடம் வெள்ளைச் சேர்ட்டைக் கண்டேன் என்று சொன்னவன். உள்ளே போய் வாவி என்றான்.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். இறால் உரித்துக்கொண்டு இருந்தார். கணவருக்கு முதுகு பழுதாகித் தோணி ஏறுவது நின்று இரண்டு வருடம். அந்த வீட்டில் உலை கொதிப்பது இவருடைய சம்பளத்தில். நான் கேட்டேன், நீங்கள் விரல் காட்டவில்லை என்பதை நான் என் கண்ணால் கண்டேன் என்று நாளைக்குச் சொல்கிறேன், சரியா என்று. அவர் இறாலைக் கீழே வைத்தார்.

"நீங்க குனிஞ்சு நிண்ட நீங்க. எண்ட கையக் கண்டயளா?"

"காணல்ல. ஆனா நீங்க காட்டியிரிக்க மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"அது தெரிஞ்சது. கண்டதில்ல. கண்டதச் சொல்லுங்க அண்ணன், அது போதும்."

உங்களுக்கு வேலை போகும் என்று கத்தினேன். கணவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். இவர் மறுபடியும் இறாலை எடுத்தார். "கப்டனும் காணாததத்தான் கண்டன் எண்டு சொல்றார். நீங்களும் அதச் செஞ்சா உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

ஆகவே கண்டதைச் சொன்னேன். சப்பாத்தைக் கண்டேன், அசையவில்லை. ஆணி இன்னும் சக்கரத்தில் பாதி இறுகிக் கிடந்தது. ஆணி கைக்கு வராமல் அவர் ஒரு நாளும் கட்டைவிரல் காட்டியதில்லை. கொழும்பில் இருந்து வந்திருந்த மூன்று பேரில் ஒருவர், ஆணியைக் காட்டுவது புத்தகத்தில் இல்லையே, அதை எப்படிச் சாட்சியாக எடுப்பது என்று கேட்டார். நான் குனிந்திருந்ததால் கையைக் காணவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அதில் கையெழுத்து வைத்தேன். உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் அவரை வெட்டினார்கள்.

அவருடைய முறை வந்தபோது நான் அந்த அறைக்குள்தான் இருந்தேன். அவர் தமிழில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தமிழ் தெரியாத அந்த மூன்று பேருக்கும் மொழிபெயர்க்க வந்தவர் ஒரு வரியில் முடித்தார். இவர் அந்த மனிதரைப் பார்த்தார்.

"நான் அஞ்சு நிமிசம் கதைச்சன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்க. மிச்சம் எங்க? நீங்க அவங்களுக்குச் சொன்னத எனக்குத் தமிழில திருப்பிச் சொல்லுங்க."

அந்த மனிதருக்கு வேர்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நேரமில்லை என்றார்கள். இவர் திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார், மொழிபெயர்த்ததைத் தமிழில் கேட்பார், அடுத்த வசனத்துக்குப் போவார். சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஒருவரும் எழும்பத் துணியவில்லை. அவர்கள் கப்டனை விட மோசமாகத் தலையாட்டினார்கள்.

முடிவில் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். கவனக்குறைவாக முன்கூட்டியே சைகை காட்டிவிட்டேன், இனி நடக்காது. கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும், எல்லாம் முடிந்தது. கப்டன் சொன்னது பொய்யா என்று ஒருவர் கேட்டார். இவர், பொய் இல்லை, அவர் கட்டைவிரல் கண்டதுதான், யாருடைய விரல் என்று பார்க்கவில்லை என்றார். கடிதத்தைச் சத்தமாக முழுக்க வாசித்தார். "இது நடக்கல்ல" என்று மேசையில் வைத்தார். பேனையைத் தொடவில்லை.

அதுதான் திமிர் என்றால் எனக்கும் அந்தத் திமிர் வேண்டும். எனக்கு இல்லை. என்னிடம் அந்தக் கடிதத்தை நீட்டியிருந்தால் நான் கையெழுத்து வைத்திருப்பேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், தன்னுடைய காதடைப்பானை என்னிடம் தந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

இப்போது பனிச்சங்கேணிப் பக்கம், மீன் வாங்கும் ஓர் இடத்தில் தராசில் நிற்கிறார். நிறையை வியாபாரி வாயால் சொல்லாமல் கூடையை இறக்கவிடமாட்டார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதுதான், காணவில்லை.

மஞ்சள் கோட்டில் இப்போது நான் நிற்கிறேன். அந்த அவசரக்கார கப்டன் இன்னும் வருகிறார். அவர் தலையாட்டினால் நான் கையை இறக்கமாட்டேன். முதல் நாள் முறைத்தார், இரண்டாம் நாளும் முறைத்தார், மூன்றாம் நாள் வாயைத் திறந்து "ரிலீஸ்ட்" என்றார்.

போன கிழமை கொழும்பில் இருந்து புது விதி வந்தது. மனேஜர் சுவரில் ஒட்டினார். கம்பியின் ஆணியைக் கழற்றி, சிவப்பு நாடாவோடு விமானிக்கு உயர்த்திக் காட்டிய பின்னரே எஞ்சினுக்குச் சைகை கொடுக்கவேண்டும். எல்லாத் தளங்களுக்கும். வாசித்துவிட்டு நான் சுவரைப் பார்த்து ஏசினேன். புத்தகத்தில் இல்லாதது என்று தள்ளி வைத்ததை இப்போது புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன். பின்னால் கூடைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நான் விரல் காட்டல்ல எண்டு அதில இரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல தங்கச்சி."

"அப்ப இதுக்கு நான் இன்னும் சரி எண்டு சொல்லல்ல. திருப்பிச் சொல்லுங்க."

"இதுக்கு நீங்க இன்னும் சரி எண்டு சொல்லல்ல" என்று திருப்பிச் சொன்னேன்.